உங்களுக்குத் தெரியுமா? கொதிநீர்க் குடித்தனக்காரர்கள்

● இத்தாலியில், சிசிலிக்கு வடக்கே, வுல்கானோ என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அதன் கரையோரக் கடலடியில் மணலைப் பிளந்துகொண்டு கொதிநீர் ஊறும். அங்கே அள்ளிய மண்ணிலிருந்து, ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபியாலாவும் கார்ல் ஸ்டெட்டரும் 1986-இல் ஓர் உயிரை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ். 100 டிகிரி செல்சியஸில்தான் அது சௌக்கியமாக இருக்கும். அந்தச் சூட்டில் 37 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 70 டிகிரிக்குக் கீழே இறக்கினால் வளர்ச்சி நின்றுவிடும். ஆக்சிஜன் ஆகாது. கந்தகம் கொடுத்து வளர்த்தால் ஆய்வகம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

● இப்படிப்பட்ட உயிர்களைப் பாக்டீரியா என்று சொல்லிவிடாதீர்கள். 1977-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பல நுண்ணுயிர்களின் ரைபோசோம் ஆர்என்ஏ-வை ஒப்பிட்டுப் பார்த்து, பாக்டீரியாவும் அல்லாத, நம்மைப் போன்ற உட்கரு உள்ள உயிர்களும் அல்லாத மூன்றாவது வம்சம் ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அதுதான் ஆர்க்கியா. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. சக ஆய்வாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். பிறகு உள்ளே திறந்து பார்க்கப் பார்க்க ஆச்சரியம் கூடியது. வெளித்தோற்றத்தில் பாக்டீரியா போலிருக்கும் இந்த ஆர்க்கியாக்கள், டிஎன்ஏ-வை நகலெடுப்பதிலும் பழுதுபார்ப்பதிலும், கெட்டுப்போன புரதத்தை அழிப்பதிலும் நம் பக்கம்தான் நிற்கின்றன. ஒரு வித்தியாசம், நம்மிடம் பத்துப் பதினைந்து பாகங்கள் கொண்ட இயந்திரம் அவற்றிடம் இரண்டு மூன்று பாகங்களோடு ஓடுகிறது. ஆய்வாளர்களுக்கு வேறென்ன வேண்டும்?

● உயிர் வாழ்ந்து பெருகக் கண்ட அதிகபட்ச வெப்பம் 122 டிகிரி. மெத்தனோபைரஸ் கேண்ட்லரி என்ற ஆர்க்கியாவின் ஒரு ரகம் இதைச் சாதித்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் அறிவித்தார்கள். அதைப் பிடித்த இடம் நம் இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில், கைரே என்ற கொதிநீர் ஊற்றுப் பகுதி. மருத்துவமனைகளில் கருவிகளின் கிருமிகளை நீக்க ஆட்டோகிளேவை வழக்கமாக வைப்பது 121 டிகிரியில் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

● டிஎன்ஏ சும்மா இருந்தாலே கெடும். யாரும் தொட வேண்டாம், கதிரியக்கம் வேண்டாம், சிகரெட் புகை வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் உடல் சூடுமே போதும். ஸ்வீடனில் பிறந்த தாமஸ் லிண்டால் 1970-களில் இதைக் கணக்குப் போட்டார். 37 டிகிரியில், நம் ஒவ்வொரு செல்லிலும் நாளொன்றுக்கு 2,000 முதல் 10,000 எழுத்துகள் டிஎன்ஏ முதுகெலும்பிலிருந்து கழன்று விழுகின்றன. சைட்டோசின் என்ற எழுத்து தானாகவே யுராசிலாக மாறி, அடுத்த நகலில் எழுத்துப் பிழையாகிறது. இவ்வளவுக்கும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்றால், யாரோ ஓயாமல் பழுதுபார்க்கிறார்கள் என்றுதானே பொருள்? அந்தத் தர்க்கம்தான் லிண்டாலுக்கு 2015-இல் வேதியியல் நோபலில் பங்கு வாங்கித் தந்தது.

37 டிகிரியிலேயே இந்தக் கதி. சூடு ஏற ஏற இந்தச் சிதைவு வேகமெடுக்கும். அப்படியானால் 75 டிகிரி அமிலத்தில் வாழும் உயிரின் மரபணுவில் பிழைகள் மலிந்து கிடக்க வேண்டும் இல்லையா? அமெரிக்காவின் டென்னிஸ் குரோகனும் சகாக்களும் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டாரியஸ் என்ற ஆர்க்கியாவை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். 2001-இல் வந்த விடை: நகலெடுக்கும் ஏறத்தாழ 130 கோடி எழுத்துக்கு ஒரு பிழை. நம் குடலில் 37 டிகிரியில் சொகுசாக வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் கணக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். கொதிநீர்வாசிகளைத் தேடி பழுதுபார்ப்பு ஆய்வாளர்கள் போனதற்கு இந்த ஒரு எண்ணே போதுமான காரணம்.

● பிசிஆர் பரிசோதனையில் குழாயை 95 டிகிரிக்குச் சூடேற்றுவது டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளையும் பிரிப்பதற்காக. 100 டிகிரியில் வாழும் உயிரின் டிஎன்ஏ மட்டும் ஏன் பிரிந்து தொலைவதில்லை? முனை இல்லாத வட்டமாக இருப்பது ஒரு காரணம். ரிவர்ஸ் கைரேஸ் என்ற நொதி இன்னொன்று. அது டிஎன்ஏ-வுக்குக் கூடுதல் முறுக்கு ஏற்றி வைக்கிறது. ஜப்பானின் கிகுச்சியும் அசாயும் 1984-இல் சல்ஃபோலோபஸில் இதன் வேலையை விவரித்தார்கள். கொதிநிலைக்கு அருகே வாழும் எல்லா உயிர்களிடமும் இது இருக்கிறது. 2004-இல் கியோட்டோவில் இந்த நொதியின் மரபணுவை நீக்கிய தெர்மோகாக்கஸ் என்ற ஆர்க்கியா ஒன்றை உருவாக்கினார்கள். செத்துப் போகவில்லை, ஆனால் தளர்ந்து வளர்ந்தது. 93 டிகிரியில் வளர்ச்சி நின்றே விட்டது.

● மனிதர் உடல் முழுக்க 5 கிரே அளவு கதிர்வீச்சு ஒரே வீச்சில் பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் பிழைப்பது கடினம். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் மீது ஜோசலின் டிருஜியரோவும் சகாக்களும் செலுத்தியது 2,500 கிரே. புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்பட்ட அதே கோபால்ட்-60 காமா கதிர்தான்.

அந்த உயிரின் மரபுத் தொகுதி சுமார் 20 லட்சம் எழுத்துள்ள ஒற்றை வட்டம். கதிர் பட்டதும் அது 5 லட்சம் எழுத்து நீளத்திலிருந்து 30,000 எழுத்துக்கும் குறைவான துண்டுகள் வரை சிதறிவிட்டது. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் முழு வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டுகளின் தீற்றல்தான். பிறகு செல்களை 95 டிகிரியில் வைத்தார்கள். துண்டுகள் ஒன்று சேர்ந்து முழு வட்டம் திரும்ப வந்துவிட்டது. 1997-இல் வெளிவந்த ஆய்வு இது.

கடலடியில் யார் இதற்குக் காமா கதிர் பாய்ச்சினார்கள்? யாருமில்லை. கொதிநீர் தினசரி செய்யும் சேதத்தைச் சமாளித்துப் பழகிய கைக்கு, கதிர்வீச்சுச் சேதமும் அதே ரக வேலைதான் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இதன் உறவுக்காரர் தெர்மோகாக்கஸ் காமாடாலரன்ஸ் இன்னும் கெட்டி: கலிபோர்னியா வளைகுடாவின் குவைமாஸ் படுகையிலிருந்து கொண்டுவந்த மாதிரிகளுக்கு 30,000 கிரே வரை கொடுத்து, பிழைத்ததைப் பொறுக்கி எடுத்ததுதான் அது.

● இரண்டு இழையும் ஒரே இடத்தில் முறிவதுதான் டிஎன்ஏ-வுக்கு நேரும் சேதங்களில் ஆகக் கொடியது. முறிந்த முனையை முதலில் போய்ப் பிடிப்பது எம்ஆர்இ11, ராட்50 என்ற இரு புரதங்களின் கூட்டணி. மனிதரில் எம்ஆர்இ11 பழுதானால் நடை தள்ளாடும் நரம்பு நோய் வருகிறது. ஆனால் மனிதப் புரதத்தைப் படிகமாக்கி அமைப்பைப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. கார்ல்-பீட்டர் ஹாப்ஃப்னர், ஜான் டெய்னர் குழுவினர் பைரோகாக்கஸிடம் போனார்கள். 2000 முதல் அடுத்தடுத்து அதன் அமைப்புகள் வெளிவந்தன. 2002-இல் வந்தது எனக்கு மிகவும் பிடித்தது: ராட்50-இன் நீண்ட கை நுனியில் ஒரு கொக்கி, இரண்டு கொக்கிகள் நடுவே ஒற்றைத் துத்தநாக அணு. முறிந்த டிஎன்ஏ விலகி ஓடாமல் இரண்டு மூலக்கூறுகள் கைகோத்து நிற்பது அந்த ஓர் அணுவின் தயவில். நம் செல்களிலும் அதே கொக்கிதான்.

● வெயில் பட்டாலே தோல் கருகி, சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு: சீரோடெர்மா பிக்மென்டோசம். புற ஊதாக் கதிர் செய்யும் சேதத்தை வெட்டி எடுக்க முடியாமல் போவதால் வருவது. இதில் சம்பந்தப்பட்ட மரபணுக்களில் ஒன்று எக்ஸ்பிடி. இந்த ஒரே மரபணுவில் ஓர் இடத்தில் பிழை வந்தால் புற்றுநோய். வேறோர் இடத்தில் வந்தால் புற்றுநோய் வராது, ஆனால் முடி கந்தகம் குறைந்து பொடிந்து உதிரும், வளர்ச்சி குன்றும். ஏன் இப்படி என்று மருத்துவர்களுக்கு வெகுநாள் குழப்பம்.

முதல் துப்பு ஸ்காட்லாந்தில் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் மால்கம் வைட் குழு சல்ஃபோலோபஸின் எக்ஸ்பிடி-யைத் தூய்மைப்படுத்தியபோது, அதற்குள் நான்கு இரும்பு அணுவும் நான்கு கந்தக அணுவும் கொண்ட கொத்து ஒன்று இருப்பதை 2006-இல் கண்டது. டிஎன்ஏ-வைப் பிரிக்கும் இந்த வகைப் புரதத்தில் இரும்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2008-இல் மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முழு அமைப்பையும் வெளியிட்டன. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆர்க்கியாக்களின் எக்ஸ்பிடி. அவற்றில் ஒன்று ஜப்பானின் பெப்பு வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த சல்ஃபோலோபஸ் டோகோடையி.

மனித நோயாளிகளிடம் கண்ட பிழைகளை அந்த அமைப்பின் மேல் ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தார்கள். டிஎன்ஏ-வும் ஆற்றல் மூலக்கூறும் உட்காரும் பள்ளத்தில் பிழை இருந்தால் தோல் நோய்; புரதத்தின் உறுதியையே குலைக்கும் இடங்களில் இருந்தால் முடி நோய் என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. நோயாளியின் பிழையை அமில ஊற்றில் வாழும் உயிரின் புரதத்தில் வைத்துப் படிப்பதைக் கேட்டால் கிறுக்குத்தனமாகப் படலாம். மனிதப் புரதம் படிகமாக அடம்பிடித்த காலத்தில் அதுதான் வழி காட்டியது.

● பிசிஆருக்கு டேக் பாலிமரேஸ் என்ற நொதி பயன்படுவதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது யெல்லோஸ்டோன் ஊற்றில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவுடையது. எழுத்துப் பிழை பார்க்கத் தெரியாத நொதி. 1991-இல் வந்த பிஎஃப்யு பாலிமரேஸ் நம் பைரோகாக்கஸுடையது. எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும். டேக் செய்வதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் பிழை.

இதற்கு இன்னொரு குணமும் உண்டு. டிஎன்ஏ-வில் யுராசில் இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே சைட்டோசின் கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இந்த நொதி நகலெடுத்துக்கொண்டே போகும்போது முன்னால் எட்டிப் பார்க்கிறது. யுராசில் வருகிறது என்றால் நான்கு எழுத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. கெட்டதைப் படியெடுத்துப் பிழையை நிரந்தரமாக்குவதைவிட நிற்பதே மேல் என்ற கொள்கை. 1999-இல் பியர்ல், கானலி குழுவினர் கண்டது இது. ஆய்வக மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: யுராசில் கலந்த பிசிஆர் கலவையில் சாதாரண பிஎஃப்யு-வைப் போட்டுவிட்டு, ஜெல்லில் பட்டை வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அந்த எட்டிப் பார்க்கும் பள்ளத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய ரகம் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

● நகலெடுக்கும்போது எழுத்து தப்பாக ஜோடி சேர்ந்தால் திருத்துவதற்கு நம்மிடமும் ஈ. கோலையிடமும் இருக்கும் மட்எஸ், மட்எல் குடும்பப் புரதங்கள் பெரும்பாலான ஆர்க்கியாக்களில் இல்லவே இல்லை. பிறகு எப்படித்தான் சமாளிக்கின்றன? 2016-இல் ஜப்பானின் இஷினோ குழு பைரோகாக்கஸில் என்டோஎம்எஸ் என்ற நொதியைப் பிடித்தது. தப்பு ஜோடியைக் கண்டதும் அது ஓர் இழையை அல்ல, இரண்டு இழையையும் வெட்டிவிடுகிறது! வேறெந்தச் செல்லாக இருந்தாலும் பதறும். இவை முறிவைச் சேர்ப்பதில் கைதேர்ந்தவை ஆயிற்றே. குழுவின் தலைவர் யோஷிசுமி இஷினோ யார் தெரியுமா? இன்று கிறிஸ்பர் என்று உலகமே பேசும் அந்த விசித்திரமான திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசையை 1987-இல் ஈ. கோலையில் முதலில் பதிவு செய்தவர்.

● கொதிநீர்ப் புரதத்தைத் தூய்மைப்படுத்துவது ஆய்வகத்தின் சுகமான வேலைகளில் ஒன்று. ஆர்க்கியாவின் மரபணுவை ஈ. கோலைக்குள் புகுத்தி, அதையே புரதம் தயாரிக்க விடுவார்கள். செல்லை உடைத்தால் கலங்கலான மஞ்சள் சாறு, அதில் ஈ. கோலையின் ஆயிரக்கணக்கான புரதங்களும் நமக்கு வேண்டிய ஒன்றும் கலந்து கிடக்கும். குழாயை 75, 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால், எலுமிச்சை பிழிந்த பால் போலத் திரிந்து வெள்ளையாகக் கட்டிதட்டும். ஈ. கோலை புரதங்கள் வெந்துபோன கோலம் அது. மைய விலக்கியில் சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்தால் பெரும்பாலும் ஆர்க்கியா புரதம் மட்டுமே. விலை உயர்ந்த வடிகட்டும் தூண்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

● சல்ஃபோலோபஸை அகாரில் வளர்க்க முடியாது. 75 டிகிரியில், அமிலத்தில், அகார் நெகிழ்ந்துவிடும். அதனால் ஜெல்லான் பசை. தட்டு காய்ந்துபோகாமல் ஈரம் வைத்து மூடிய பெட்டிக்குள் போட்டு, ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஒரு நிம்மதி: மனிதருக்கு நோய் தரும் ஆர்க்கியா என்று நிரூபணமானது இதுவரை ஒன்றுகூட இல்லை.

● புற ஊதாக் கதிர் பட்டால் சல்ஃபோலோபஸ் செல்கள் தனித்தனியே ஒளிவதில்லை. மயிர் போன்ற பிலை இழைகளை நீட்டி ஒன்றையொன்று பிடித்துக் கொத்தாகின்றன. கதிர் பட்ட ஆறேழு மணி நேரத்தில் கூட்டம் உச்சத்துக்கு வரும். கூடி நின்று டிஎன்ஏ-வைப் பரிமாறிக்கொள்கின்றன. பக்கத்துச் செல்லின் நல்ல பிரதியைப் பார்த்துத் தன் முறிவைச் சரிசெய்ய அது உதவுகிறது. சோன்யா ஆல்பர்ஸ் குழு 2008-க்குப் பின் தொடர்ந்து காட்டிய விஷயம். தன் இனத்தோடு மட்டும்தான் சேரும் என்பது கூடுதல் தகவல்.

● இனி குப்பைக்கு வருவோம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு ஒன்று தானாகவே கனன்று புகைந்துகொண்டிருந்தது. 1970-இல் பிராக்கின் குழு அதிலிருந்து தெர்மோபிளாஸ்மா அசிடோபிலம் என்ற ஆர்க்கியாவை எடுத்தது. 59 டிகிரி, பி.எச். 2, கடும் அமிலம். செல் சுவர்கூட இல்லை. இந்த நிர்வாண உயிர்தான் நம் செல்கள் புரதத்தை எப்படி அழிக்கின்றன என்பதன் கதவைத் திறந்தது.

நம் செல்களில் பழைய, கோணல்மாணலான புரதங்களை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் உண்டு. மனிதரிலும் ஈஸ்டிலும் அதன் மையப் பகுதியில் 28 துண்டுகள், 14 வெவ்வேறு ரகம். எதைத் தொட்டு எங்கே தொடங்குவது? 1989-இல் மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில், வோல்ஃப்காங் பௌமைஸ்டரின் சகாக்கள் தெர்மோபிளாஸ்மாவிலும் அதே பீப்பாயைக் கண்டார்கள். அங்கேயும் 28 துண்டுதான். ஆனால் ரகம் இரண்டே இரண்டு. ஏழு ஏழாக நான்கு வளையம்: வெளியே ஆல்ஃபா, உள்ளே பீட்டா, பீட்டா, மறுபடி ஆல்ஃபா. நீளம் 15 நானோமீட்டர்.

1995-இல் ராபர்ட் ஹூபரோடு சேர்ந்து அதன் அணு அமைப்பை வெளியிட்டார்கள். வெட்டும் கத்தி பீப்பாயின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தது. நுழைவாயிலோ மிகக் குறுகல். மடிந்து உருண்டையாக இருக்கும் புரதம் உள்ளே போக வழியே இல்லை. யாராவது பிரித்து நூலாக்கி உள்ளே திணிக்க வேண்டும். செல்லுக்குள் கத்தியைத் திறந்து போட்டால் நல்ல புரதமும் வெட்டுப்படும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தத் திணிக்கும் ஆள் பான் என்ற புரதம், பசிபிக் கடலடி ஊற்றில் வாழும் மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஷியில் 1999-இல் சிக்கியது. முழு மரபுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் ஆர்க்கியா இதுதான், ஆண்டு 1996.

கத்தி எது? பீட்டா துண்டின் தலைமாட்டில் முதல் எழுத்தாக நிற்கும் திரியோனின் என்ற அமினோ அமிலம். அதை அலனினாக மாற்றியதும் வெட்டு நின்றது. புரதம் வெட்டும் நொதிகளில் அதுவரை இப்படி ஒரு வகையை யாரும் பார்த்ததில்லை. இன்று மல்டிபிள் மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டெசோமிப், 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, நோயாளியின் செல்களில் போய் ஒட்டிக்கொள்வது அதே திரியோனினில்தான்.

● புரதத்தை அழிக்கும் முன் நம் செல்கள் அதன் மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்டும். இதைக் கண்டதற்காகச் சீஹானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் நோபல். உட்கரு உள்ள உயிர்களுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு என்றே பலகாலம் நினைத்தார்கள். 2011-இல் ஜப்பானியத் தங்கச் சுரங்கம் ஒன்றின் சூடான நிலத்தடி நீரிலிருந்து எடுத்த டிஎன்ஏ-வைப் படித்தபோது, கால்டிஆர்க்கியம் என்ற ஆர்க்கியாவிடம் சீட்டும் இருந்தது, சீட்டு ஒட்டும் நொதிகளின் வரிசையும் இருந்தது.

● எல்லாப் புரதத்தையும் அழித்துவிட்டால் கட்டுபடியாகாது. சிலவற்றை மறுபடி மடித்து நிமிர்த்தலாம். பைரோடிக்டியம் ஆக்கல்டம் என்ற ஆர்க்கியாவை 108 டிகிரிக்கு ஏற்றினால், அதன் செல்லில் கரைந்திருக்கும் புரதத்தில் முக்கால் பங்குக்கு அருகே தெர்மோசோம் என்ற மடிப்புக் கூண்டாகவே இருக்கும். நம் செல்களில் ஆக்டினையும் டியூபுலினையும் மடித்துக் கொடுப்பது இதன் நேர் உறவு.

● சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்றது ரைபோசோமின் அமைப்புக்காக. அவர் கையாண்ட சிறிய துணைப்பகுதி தெர்மஸ் தெர்மோபிலஸ் என்ற வெப்பம் விரும்பியுடையது. அது ஆர்க்கியா அல்ல, பாக்டீரியா. ஆனால் கெட்டியான புரதம் நல்ல படிகமாகும் என்ற கணக்கு ஒன்றேதான்.

● சல்ஃபோலோபஸ் இரண்டாகப் பிரிவதை உயிரோடு படம் பிடிப்பது பெரும்பாடு. சாதாரண நுண்ணோக்கியின் கீழ் வைத்த கணமே குளிர்ந்து செயலற்றுப்போகும். அதனால் இங்கிலாந்தின் பஸ் பாம் குழு செல்களை 75 டிகிரியிலேயே வைத்திருக்கும் சூட்டு அறையோடு ஒரு நுண்ணோக்கியை உருவாக்கி, சல்ஃபோஸ்கோப் என்று பெயர் வைத்தது. செல் பிரியும் தறுவாயில் அதன் இடுப்பில் சிடிவிபி என்ற புரதம் வளையமாகக் கூடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு புரதங்களும் அங்கே வந்து சேரும். இறுக்கி வெட்டுபவை பின்னால் வந்தவை; முதல் வளையம் வழிவிட்டால்தான் அவற்றால் முடியும். நம் செல்கள் பிரியும்போது கடைசி வெட்டைப் போடுவதும் இதே புரதக் குடும்பம்தான். முதல் வளையத்தை அகற்றுவது யார் என்பதற்கு 2020-இல் விடை கிடைத்தது: புரோட்டியசோம். அதை நிரூபிக்க அவர்கள் செல்களுக்குக் கொடுத்தது போர்டெசோமிப். கொடுத்ததும் வளையம் அப்படியே நின்றது, செல் பிரியவில்லை. ரத்தப் புற்றுநோயாளிக்குத் தயாரித்த மருந்து 75 டிகிரி அமிலத்தில் வாழும் ஆர்க்கியாவையும் மடக்கிவிட்டது.